லேசருக்குக் கொடுத்த சம்மதம் அமிலத்துக்குச் செல்லாது

கேள்வி: எனக்கு வயது 24. புதுக்குடியிருப்புப் பக்கம். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது முன்கையில் பச்சை குத்தினேன். கல்யாணப் பேச்சு வந்ததால் அதை எடுக்க நகரத்து அழகு நிலையம் ஒன்றுக்குப் போனேன். லேசர் என்று சொல்லி 18,000 ரூபாய் வாங்கிவிட்டு, போத்தலில் இருந்து ஏதோ பூசினார்கள். தோல் வெந்து, சீழ் பிடித்து, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது தடித்த தழும்பு. கேட்டால், "கையெழுத்துப் போட்டனீங்கள்தானே" என்கிறார்கள். பற்றுச்சீட்டும் தரவில்லை. நடந்து இரண்டரை மாதம். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, சேவை பெற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு கிழமை. இந்த வாரமே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழில் எழுதினால் போதும். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். காசைத் திருப்பித் தரவும் நட்டஈடு கொடுக்கவும் கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.

அடுத்தது அந்தக் கையெழுத்து. அதைச் சொல்லித்தான் உங்களை வாயடைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் சம்மதித்தது லேசருக்கு. பச்சையின் மை மேல்தோலுக்குக் கீழே, உள்தோலில் இருக்கிறது. லேசர் ஒளி அந்த மையைப் பொடியாக்க, உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றும். அதற்குப் பல அமர்வுகள் வேண்டும். இடையில் பல கிழமை விட வேண்டும். ஒழுங்காகச் செய்தாலும் கொப்புளம் வரலாம், எங்களைப் போன்ற கறுத்த தோலில் நிறம் வெளுக்கலாம், கறுக்கலாம். இப்படியான ஆபத்தை விளங்கப்படுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்த ஆபத்து வந்ததற்கு அவர்கள் அதைப் பதிலாகக் காட்டலாம். தோல் வெந்ததைப் பார்த்தால் உங்களுக்குப் பூசியது அமிலம் போலத்தான் இருக்கிறது. அமிலம் பூசுவதோ வேறு வேலை. அது மையை எடுக்கத் தோலையே எரிக்கிறது. ஆழமாக எரிந்தால் தழும்பு நிச்சயம். லேசர் என்று சொல்லி அமிலம் பூசியது நுகர்வோரை ஏமாற்றும் நடத்தை. அந்தச் சட்டம் அதைத் தடை செய்கிறது. கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்ய வேண்டிய கடமை கையெழுத்தால் அழிந்துபோகாது.

பற்றுச்சீட்டு இல்லையே என்று தளர வேண்டாம். நேரம் குறித்த குறுஞ்செய்தி, வைபர் உரையாடல், காசு அனுப்பிய வங்கிப் பதிவு, கூடப் போன ஆளின் சாட்சியம் எல்லாம் சான்றுதான். தொலைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். எல்லாவற்றிலும் பெரிய சான்று ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட். அதில் இரசாயனத் தீப்புண் என்று எழுதியிருந்தால் வழக்கின் பாதி அங்கேயே நிற்கிறது. எழுதவில்லை என்றால், உங்களைப் பார்த்த வைத்தியரிடம் மருத்துவ அறிக்கை கேளுங்கள்.

பொலிஸிலும் முறைப்பாடு போடச் சொல்வேன். அப்போதுதான் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள், காயம் முறைப்படி பதிவாகும். முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். அதற்குக் காலவரை இரண்டு வருடம். கவனக்குறைவால் வந்த மருத்துவச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வேதனை மூன்றையும் எங்கள் உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் கேட்க முடியும். தொகை சிறிதென்றால் முதலில், இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டிவரும். அங்கே இணக்கம் வராவிட்டால், இணக்கம் வரவில்லை என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகலாம். வழக்குக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். கடைக்காரர் இப்போதே கொஞ்சக் காசு தந்து தாளில் கையெழுத்துக் கேட்டால், சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டாமல் போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. தழும்பு இன்னும் தடிக்கிறதா, அரிக்கிறதா? அப்படியானால் அது கீலொயிட், அதாவது அளவுக்கு மீறி வளரும் தழும்பு, ஆக இருக்கலாம். மிச்சம் இருக்கும் பச்சையை எடுக்க வேறு கடைக்கோ, இணையத்தில் விற்கும் கிறீமுக்கோ இப்போது போகாதீர்கள். தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். சிலிக்கன் ஜெல், ஸ்டெரொயிட் ஊசி போன்ற சிகிச்சைகள் இருக்கின்றன. செலவாகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பில் வாங்கி வையுங்கள். இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் கையைப் படம் எடுத்துத் திகதியோடு வைத்துக்கொண்டு, முறைப்பாட்டை எழுதத் தொடங்குங்கள்.