ஞாயிறு பூசையும் வெறும் வயிறும்

கேள்வி: என் மாமியாருக்கு 80 வயது. பல வருடமாகச் சர்க்கரை. வார நாட்களில் ஓரளவு தெளிவாக இருப்பவர், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு பூசையில் தடுமாறுகிறார். செபத்தில் வார்த்தை விட்டுப்போகிறது, நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிவிட்டு மறுபடியும் வரிசையில் நிற்கிறார். அன்று காலை மாத்திரைக்கு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதோடு சரி. ‘என் விசுவாசமே போச்சு’ என்று அழுகிறார். கோயிலுக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிடலாமா? (வாசகி, எலத்தகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: நிறுத்தாதீர்கள். முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

ஞாயிறு காலை மட்டும் தடுமாற்றம் என்றால், எனக்கு முதல் சந்தேகம் வெறும் வயிற்றில் போட்ட மாத்திரைமேல்தான். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், உணவு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். 70-க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், குழப்பம் வரும். வயதானவர்களுக்கு வெறும் குழப்பம் மட்டுமே தெரிவதும் உண்டு, வீட்டில் அதற்கு மறதி என்று பெயர் வைத்துவிடுகிறோம். தடுமாறும் நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். குறைவாக இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பிட மறுப்பாரே என்பீர்கள். அவர் சிறுமியாக இருந்தபோது நன்மை வாங்க நள்ளிரவிலிருந்தே உபவாசம். 1957-ல் அது மூன்று மணி நேரமாகவும், 1964-ல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. முதியோரும் நோயாளிகளும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம் என்கிறது திருச்சபைச் சட்டம் 919. அவர்களைக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கும் அது பொருந்தும். இதைப் பங்குச் சாமியாரைவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொன்னால் எடுபடாது.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் அளவை மாற்றுவார். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் மறதி தரும். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக மாத்திரை வருகிறதென்றால், அந்த ஊழியரிடமும் இந்த ஞாயிறு விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகும் கொஞ்சம் மறதி மிஞ்சலாம். சின்ன வயதில் மனப்பாடமானதுதான் கடைசிவரை நிற்கும். அவர் படித்தது ‘பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே’. இப்போது கோயிலில் சுற்றிலும் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நாக்கு சிக்குவதை விசுவாசக் குறைவு என்று யார் சொன்னது? வீட்டில் பழைய செபத்தை நீங்கள் ஆரம்பித்துக் கொடுங்கள், மீதியை அவரே சொல்வார். செபமாலையில் ஒரே பத்து மணிகளுக்கான செபத்தை இரண்டு தடவை சொன்னால் சொல்லட்டும், திருத்தாதீர்கள். கோயிலில் பக்கத்தில் பேரப்பிள்ளை உட்கார்ந்தால் வரிசைப் பிரச்சினை தீரும். தெரிந்து, மனதாரச் செய்வதுதான் பாவம் என்று ஞானோபதேசத்தில் (மறைக்கல்வியில்) அவரே படித்தவர். அழும்போது அதை நினைவுபடுத்துங்கள்.

காய்ச்சலோ நீர்க்கடுப்போ வந்து ஓரிரு நாளில் குழப்பம் திடீரென்று கூடினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.