எடின்பரோ கோட்டையின் சிற்றாலயம்: வயதான தாயாருடன் போகலாமா?

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் ஸ்காட்லாந்து செல்கிறேன். எடின்பரோ கோட்டைக்குள் இருக்கும் புனித மார்கரெட் சிற்றாலயத்தைப் பார்க்க அவர் ஆசைப்படுகிறார். அவரால் ஏற முடியுமா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆலயம் கோட்டைப் பாறையின் உச்சியில் இருப்பதால் ஏற்றம் உண்டு. ஆனால் உள்வாயிலைத் தாண்டியதும் இடப்புறம் தெரியும் 70 படிகளை விட்டுவிட்டு, வளைந்து மேலேறும் கல் பாவிய பாதையில் மெதுவாக நடக்கலாம். அதுவும் கடினம் என்றால், நடக்க இயலாதவர்களை மேலே கொண்டுவிடும் வண்டியைப் பற்றி நுழைவிடத்திலேயே கேளுங்கள். மழை பெய்தால் அந்தக் கற்கள் வழுக்கும் என்பதால், நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்பே இணையத்தில் பெற்றுவிடுங்கள்.

கோட்டை திறந்தவுடன் நேராக ஆலயத்துக்குப் போய்விடுங்கள் என்பதே என் முக்கியமான ஆலோசனை. உள்ளே இருபது பேர் சேர்ந்தாலே நெருக்கடியாகிவிடும். கூட்டத்தோடு நுழைபவர்கள் இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. 1093இல் இக்கோட்டையில் மறைந்த அரசி மார்கரெட்டின் நினைவாக, அவருடைய மகன் முதலாம் டேவிட் மன்னர் 1130ஆம் ஆண்டையொட்டிக் கட்டியது இது. எடின்பரோவில் இன்று எஞ்சியுள்ள கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. வெளியிலிருந்து சாதாரணக் கற்பெட்டி போலத் தெரியும் இதன் உட்புறம் பீடத்தின் பின்னே அரைவட்டமாக வளைந்திருப்பதை வாசலில் நின்றே கவனியுங்கள். பிறகு பீடத்துக்கு முன்னுள்ள வளைவின் அருகே சென்று, அதன் விளிம்பில் கோணல்மாணலாக மடிந்து மடிந்து ஓடும் செதுக்கு வேலையைத் தாயாருக்குக் காட்டுங்கள்.

1314இல் ஆங்கிலேயரிடமிருந்து கோட்டையை மீட்ட ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் படை மற்றக் கட்டடங்களை இடித்தபோதும் இவ்வாலயத்தை விட்டுவைத்தது. பின்னாளில் வெடிமருந்துக் கிடங்காகிப் பெயர்கூட மறக்கப்பட்ட இதை, 1845இல் தொல்பொருள் ஆய்வாளர் டேனியல் வில்சன் அடையாளம் கண்டார். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் 1922இல் கண்ணாடி ஓவியக் கலைஞர் டக்ளஸ் ஸ்ட்ராகன் செய்தவை. பழையவை என்று எண்ணிவிட வேண்டாம், ஆனாலும் மார்கரெட்டின் உருவம் உள்ள சாளரத்தை அவசியம் பாருங்கள். உள்ளே இருக்கும் மலர்களை மார்கரெட் என்ற பெயர் கொண்ட பெண்களே முறைவைத்து அலங்கரித்து வருகிறார்கள்.

ஆலயத்துக்கு அரை மணி நேரமும் கோட்டைக்கு மூன்று மணி நேரமும் போதும். இங்கே இன்றும் திருமணங்கள் நடப்பதால், அன்றைக்கு ஆலயம் எந்த நேரமாவது மூடப்படுமா என்று சீட்டைக் காட்டும்போதே விசாரித்துவிட்டு மேலே ஏறுங்கள்.