முதலில் வசனத்தை மூடி வையுங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் குப்பையை வாய்க்காலில் கொட்டும் பழக்கத்தை மாற்ற வீதி நாடகம் போடப் போகிறோம். எங்கள் ஆசிரியர் 'மானுடவியல் வழியாக அணுகுங்கள்' என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: எழுதிய வசனத்தை மூடி வைப்பதிலிருந்து. மானுடவியல் என்றால், மக்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று அவர்களோடு இருந்து கற்றுக்கொள்வது.

பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சுகாதாரப் பணியாளர், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று இரண்டு வருடம் வீடு வீடாகச் சொன்னார். இருந்தது 200 குடும்பம். அவர் பேச்சைக் கேட்டது 11. ஏன் என்று மானுடவியலாளர் எட்வர்ட் வெல்லின் 1955-இல் எழுதினார். அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சூடு, குளிர்ச்சி கணக்கு உண்டு. (பப்பாளி சூடு, இளநீர் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது, நன்றாக இருப்பவர் அதை ஏன் குடிக்க வேண்டும்? கிருமியைப் பற்றிச் சொன்னதற்கு, தண்ணீரில் மூழ்கிச் சாகாமலிருக்க அதென்ன மீனா என்று கேட்டாராம் ஒரு பெண்மணி. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். காய்ச்சத் தொடங்கியவர்களில் ஒருவர் மலைப்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். ஊர் அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அப்புறம் ஊர் என்ன சொன்னால் அவருக்கென்ன?

நானும் சூடு பட்டவள்தான். சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி ஒரு கிராமத்தில் வில்லுப்பாட்டு நடத்தினோம். கைதட்டல் பிரமாதம். கை கழுவத்தான் ஆளில்லை. பிறகு ஒரு பாட்டி சொன்னார்: "சோப்பக் கொல்லைல வச்சா காக்கா தூக்கிட்டுப் போயிடும் தாயி." சோப்பு வீட்டுக்குள் மாடத்தில் இருந்தது, தண்ணீர் கொல்லையில். எங்கள் வில்லுப்பாட்டில் காக்கா வரவேயில்லை.

ஆகவே, இரண்டு வாரம் அந்த வாய்க்கால் பக்கம் போய் உட்காருங்கள். கொட்டுவது யார், எத்தனை மணிக்கு? குப்பை வண்டி வரும்போது அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்களா? எச்சில் இலையை இரவு வீட்டில் வைத்திருப்பது ஆகாது என்று எண்ணுகிறார்களா? 'ஏன் கொட்டுகிறீர்கள்' என்று நேராகக் கேட்காதீர்கள், சண்டைக்கு வந்ததாக நினைப்பார்கள். 'நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு என்னென்ன செய்தீர்கள்' என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

வசனம் அதிலிருந்து எழுதுங்கள். கொட்டுகிறவர்களில் ஒருவரையாவது நடிக்கக் கூப்பிடுங்கள். நாடகத்தைப் பேருந்து நிலையத்தில் போடாதீர்கள். வாய்க்கால் கரையில், அவர்கள் பையோடு வரும் அதே நேரத்தில் போடுங்கள்.