பிரதி பார்க்கவா கொழும்புக்குப் போனோம்?

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போயிருந்தேன். அவள் உயர்தரத்துக்குச் சித்திரம் படிக்கிறாள். சிகிரியா ஓவியங்கள் என்று அரை மணித்தியாலம் நின்று பார்த்தோம். அவை பிரதிகள் என்று பிறகுதான் விளங்கியது. விடியக் கோச்சி ஏறி 400 கிலோமீற்றர் போனது பிரதி பார்க்கவா? நூதனசாலை என்றால் அசல் அல்லவா இருக்கவேண்டும்?

ச., கோண்டாவில்

அன்புள்ள ச.,

அசல் ஓவியங்கள் இருப்பது சிகிரியாக் குன்றின் பாறையில்; குன்றைப் பெயர்த்துக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஏமாந்துவிட்டோமே என்ற கோபம்தான். முதல் தடவை எனக்கும் வந்தது.

ஆனால் அந்தப் பிரதிகளுக்கும் வயது நூறைத் தாண்டிவிட்டது. நூதனசாலை திறந்தது 1877 ஜனவரி 1ஆம் திகதி, ஆளுநர் கிரகரியின் முயற்சியில். (கட்டிய வாப்பிச்சி மரிக்கார், பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது வெள்ளிக்கிழமைகளில் மூடிவையுங்கள் என்றாராம். கதையாக இருந்தாலும் நல்ல கதை.) 12 வருடம் கழித்து, 1889இல், பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த மரே என்பவர் சிகிரியாக் குன்றின் நடுவே ஓவியங்கள் உள்ள குழிவுக்கு ஏணி கட்டி ஏறினார். மல்லாந்து படுத்தபடி மெல்லிய தாளை ஓவியத்தின் மேல் வைத்துக் கோடு எடுத்தார். வேலை முடிந்ததும் ஒரு போத்தலில் அன்றைய பத்திரிகைகளையும் சில நாணயங்களையும் போட்டு அங்கேயே பதித்தார்கள். அப்போது ஒரு பௌத்தத் துறவியும் ஒரு சைவப் பூசகரும் அனுமதி கேட்டு வந்து, அது அழியாமல் இருக்கப் பிரார்த்தித்தார்களாம். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்றுவிடுவேன்.

பிறகு தொல்பொருள் ஆணையாளர் பெல்லின் கீழ் வேலை பார்த்த டி. ஏ. எல். பெரேரா 1896, 97இல் தைல வர்ணத்தில் பிரதி செய்தார். தைல வர்ணத்துக்கு ஒரு மினுக்கம் உண்டு. சுண்ணச் சாந்தில் வரைந்த அசலில் அது கிடையாது. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1967 ஒக்டோபரில் யாரோ மேலே ஏறிப் பச்சைப் பெயின்றைப் பூசி, சிலவற்றைக் கொத்தியும் விட்டார்கள். இத்தாலியிலிருந்து மரன்ஸி என்ற நிபுணர் வந்துதான் சுத்தம் செய்ய உதவினார். எவ்வளவு கவனமாகச் சுத்தம் செய்தாலும் கொத்துப்பட்டுப் போனது திரும்பி வராது. அது முன்பு எப்படி இருந்தது என்று பெரேரா எழுபது வருடம் முந்தியே உட்கார்ந்து பார்த்து வைத்திருக்கிறார். உங்கள் மகள் அரை மணித்தியாலம் பார்த்தது அந்தப் பார்வையைத்தான்.

சரி, நம்மூருக்கு வருவோம். எங்கள் ஊர்க் கோயிலின் வாகனசாலைச் சுவரில் ஒரு சூரசங்காரம் இருந்தது. சூரனுக்கு மீசை ஒரு பக்கம் கொஞ்சம் நீளம். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கும்பாபிஷேகம் வந்தது, சுவர் முழுக்க எனாமல் பெயின்ற் அடித்தார்கள். குற்றம் சொல்ல மனம் வரவில்லை, பக்தியோடு செய்த வேலை. ஒரு பிரதி, ஒரு போட்டோகூட இல்லை என்பதுதான் ஆற்றாமை. யார் வரைந்தார் என்று கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது. அந்த மீசையை நான் இப்போது கீறிக் காட்டினாலும் அது என் ஞாபகத்தின் மீசையாகத்தான் இருக்கும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் எந்தப் பழைய கோயிலில் திருப்பணி தொடங்கப் போகிறது என்று விசாரித்து, பாலஸ்தாபனத்துக்கு (திருப்பணிக்காகச் சுவாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் எழுந்தருளச் செய்யும் கிரியை) முன்பே சித்திரக் கொப்பியோடு ஒருக்கால் போய் வரட்டும்.