காகித ஆலை ஃபிட்டரின் எக்ஸ்ரேயில் சுண்ணாம்புத் தடிப்பு: காசநோயா, கல்நாரா?

கேள்வி: எனக்கு 66 வயது. காகித ஆலையின் டிரையர் பகுதியில் 24 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தேன். ஆலையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மூட்டு அறுவைசிகிச்சைக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில், நெஞ்சின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு படிந்த தடிப்புகள் இருப்பதாகவும், ‘பழைய காசநோயாக இருக்கலாம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்குக் காசநோய் வந்ததே இல்லை. 20 ஆண்டுகள் புகைபிடித்து நிறுத்தியவன். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடன் வேலை பார்த்தவர் இது ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார். புற்றுநோயாக மாறுமா? இழுத்து மூடிய ஆலையிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காகித ஆலையில் ஏது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், என்று கேட்கும் மருத்துவர்கள் இன்றும் உண்டு. சாதாரணக் காகிதத்தில் அது இல்லைதான். ஆனால் காகிதத்தைக் காயவைக்கும் நீராவி போகும் வழியெல்லாம் இருந்தது: பாய்லர், கூழுக்கு மரத்தை வேகவைக்கும் டைஜஸ்டர், நீராவிக் குழாய்களுக்குச் சுற்றிய லாகிங் (வெப்பம் காக்கும் உறை), குழாய்களை இணைக்கும் ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட், வால்வு, பம்புகளில் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங், பிரேக் லைனிங். பழைய இயந்திரங்களில் ஈரக் காகிதத்தைச் சூடான உருளைமேல் அழுத்திப் பிடிக்கும் டிரையர் ஃபெல்ட்டிலும் கல்நார் இழை கலந்து நெய்ததுண்டு. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நாட்களில்தான் தூசி உச்சத்துக்குப் போகும். ஒட்டிக்கொண்ட பழைய கேஸ்கெட்டைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டுவது, காய்ந்த லாகிங்கை உடைத்து எடுப்பது, எல்லாம் முடிந்து காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது: இந்த மூன்றும் இழைகளை மூச்சு மட்டத்துக்குக் கிளப்பிவிடும். ஃபிட்டரும் லாகிங் ஆளும் மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்.

இப்போது எக்ஸ்ரே. காசநோயோ சீழோ ஆறிய பின் படியும் சுண்ணாம்பு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். நுரையீரலைச் சுற்றித் தகடுபோலக் கனமாகப் படரும். விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் கீழ்மூலையை மழுக்கிவிடும். கல்நார்த் தடிப்பு அப்படியல்ல. இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக, விலா எலும்புகளின் உட்புறத்திலும் உதரவிதானத்தின் மேட்டிலும் உட்காரும். நுரையீரலின் உச்சியையும் அந்தக் கீழ்மூலையையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். உதரவிதான மேட்டில் சுண்ணாம்புக் கோடு இருபுறமும் தெரிந்து, 20 ஆண்டுகளுக்கு முந்தைய தூசி வேலையும் இருந்தால், வேறு காரணம் தேட வேண்டிய அவசியம் அநேகமாக இராது.

இந்தத் தடிப்பு புற்றுநோயாக மாறுவதில்லை. நீங்கள் கல்நாரைச் சுவாசித்தீர்கள் என்பதற்கான தடயம் அது. ஆபத்து அந்தத் தடிப்பில் இல்லை, சுவாசித்த அளவில் இருக்கிறது: நுரையீரல் புற்றுநோய்க்கும், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய்க்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மீசோதெலியோமா பெரும்பாலும் முதல் தூசிக்கு 30, 40 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். புகைபிடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நுரையீரல் புற்றுநோயில் மட்டும் புகையும் கல்நாரும் கைகோத்து ஆபத்தைப் பல மடங்காக்கும். நீங்கள் நிறுத்தியது நல்லது; திரும்பத் தொடவேண்டாம்.

எனக்கு யோசனையாக இருப்பது உங்கள் மூச்சுவாங்கல்தான். திட்டுத் தடிப்பு மட்டும் இருந்தால் பொதுவாக மூச்சு வாங்காது. நுரையீரலே தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறதா, புகையால் வந்த நோயா, இதயமா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். நுரையீரல் மருத்துவரிடம் இந்தச் சோதனைகளைக் கேளுங்கள்: முழு நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை, அதோடு வாயு கடத்தும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ.; நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன், குப்புறப் படுக்கவைத்தும் சில படங்கள். மல்லாந்து படுக்கும்போது முதுகுப்பக்க நுரையீரல் அழுந்தித் தழும்புபோலவே தெரியும். குப்புறப் படுத்தால் அந்தப் பொய்த்தோற்றம் மறைந்துவிடும், உண்மைத் தழும்பு மறையாது. இது தெரியாமல் எடுத்த ஸ்கேன் பின்னால் வழக்கில் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும். மூட்டு அறுவைசிகிச்சைக்கு முன்பே சோதனை முடிவுகளை மயக்க மருந்து நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

உள்ளே போன இழையை வெளியே எடுக்க மருந்து கிடையாது. ‘நுரையீரலைக் கழுவும்’ கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் காசைக் கொட்டாதீர்கள். ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்க நெஞ்சில் விடாத வலி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல், காரணமில்லாத எடைக்குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் உடனே போகவேண்டும். கோத்த நீரை எடுத்துச் சோதித்ததில் ‘புற்றுச் செல் இல்லை’ என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. மீசோதெலியோமாவை அந்தச் சோதனை அடிக்கடி தவறவிடும். உறையிலிருந்து திசு எடுத்துப் பார்க்கவேண்டும். வேலை உடுப்பை வீட்டில் துவைத்தவருக்கும் இந்த நோய்கள் வருவதுண்டு. உங்கள் மனைவிக்கு நெஞ்சில் தொந்தரவு வந்தால் இந்த வரலாற்றை அவருடைய மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இழப்பீட்டுக்கு வருவோம். வழக்கறிஞரிடம் போகுமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு: வேலை வரலாற்றை எழுதுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பிரிவு, என்ன வேலை, கேஸ்கெட், பேக்கிங், லாகிங் எந்தக் கம்பெனிச் சரக்கு, வருடத்துக்கு எத்தனை ஷட்டவுன், முகமூடி கொடுத்தார்களா, பக்கத்தில் யார் யார் வேலை பார்த்தார்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, சேமநல நிதிக் கணக்கு, சங்க ரசீது எது கிடைத்தாலும் சேருங்கள். வயதான சகாக்களின் வாக்குமூலத்தை இப்போதே கையெழுத்தோடு வாங்கிவையுங்கள். பிறகு அந்த வரலாற்றை மருத்துவரிடம் கொடுத்து, அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். ‘பழைய காசநோய்’ என்ற வரி அப்படியே கிடந்தால் எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக்காட்டுவது அதைத்தான். படத்தை மறுபடி பார்த்துத் திருத்திய அறிக்கையைத் தேதியோடு வாங்குங்கள்.

அந்தத் தேதி முக்கியம். பல நாடுகளில் காலக்கெடு தூசி பட்ட நாளிலிருந்து அல்ல, நோய் வேலையால் வந்தது எனத் தெரிந்த நாளிலிருந்து ஓடுகிறது. இங்கிலாந்தில் அது 3 ஆண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த நாட்டில் வேலை பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாக மூன்று வழிகள் உண்டு: தொழில்நோய்க்கான அரசு அல்லது தொழிலாளர் காப்பீடு, முதலாளிமேல் வழக்கு, கல்நார்ப் பொருளைத் தயாரித்த கம்பெனிமேல் வழக்கு. ஆலை மூடியதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த ஆண்டுகளில் ஆலைக்கு இருந்த காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கக்கூடும். அமெரிக்காவில் 1982-ல் திவால் மனு கொடுத்த ஜான்ஸ்-மேன்வில் போன்ற தயாரிப்பாளர்களுக்கு இழப்பீட்டு அறக்கட்டளைகளே இருக்கின்றன. சரக்கின் பெயரை எழுதச் சொன்னது அதனால்தான். இந்தியாவில் 1995-ல் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது விலகியபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. அது ஆஸ்பெஸ்டாஸ் தொழில்களுக்குச் சொன்னது. காகித ஆலை அதில் அடங்குமா என்று வாதம் எழும். ஆனாலும் எழுத்தில் கேட்டுவைப்பதில் நட்டமில்லை.

தடிப்பு மட்டும் இருந்தால் பல இடங்களில் பணம் கிடைக்காது. இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 2007-ல் மறுத்தது. ஸ்காட்லாந்து 2009-ல் தனிச்சட்டம் போட்டு அனுமதித்தது. ஆஸ்பெஸ்டோசிஸ் உறுதியானால் கதை வேறு. புகைபிடித்தவர் என்ற காரணத்துக்காக மட்டும் உரிமை போய்விடாது. இழப்பீட்டுத் தொகையை வேண்டுமானால் குறைக்கப் பார்ப்பார்கள். சமரசத்துக்கு வந்தால், ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேளுங்கள்: பிற்பாடு புற்றுநோய் வந்தால் மறுபடி வர இடம் உண்டா? சில நாடுகளில் அதற்கு வழி வைத்தே தீர்ப்பு வாங்கலாம். போட்ட கையெழுத்தை அப்புறம் மாற்றுவது கடினம்.