உங்கள் குடும்பத்தில் மிக நீண்ட காலம் வாழ்ந்த பெண் யார்? அவரைப் பற்றி என்ன நினைவில் நிற்கிறது?

என் ஆயா. அப்பாவைப் பெற்றவர். எங்கள் பக்கம் பாட்டி என்று கூப்பிடும் வழக்கம் இல்லை.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையோரம் ஒரு சிற்றூர். ஆயா அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தபோது அது சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. இருந்த வீட்டை விட்டு நகராமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்தவர் அவர். ஆனாலும் வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் கடைசிவரை "சேலம் ஜில்லா" என்றுதான் சொல்வார்.

வயதைக் கேட்டால் "பிரமோதூத வருஷம், ஆடி மாசம்" என்று பதில் வரும். தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புமல்லவா? அந்தப் பெயர் 1990 சித்திரையில் மறுபடி வந்தது. கோயிலில் பஞ்சாங்கம் படித்ததைக் கேட்டுவிட்டு வந்து, "என் வருஷம் திரும்பிவிட்டது" என்று வீட்டில் இருந்த எல்லோர் கையிலும் ஒரு துண்டு வெல்லம் வைத்தாராம். எனக்கு அப்போது நான்கு வயது. வெல்லம் மட்டும் நினைவிருக்கிறது. ஆக, பிறந்தது 1930.

ஆதார் அட்டையில் இருப்பதோ 1938, ஜனவரி 1. முகாமில் இருந்த பையனிடமும் ஆயா பிரமோதூத என்றுதான் சொன்னார். அவன் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு ஓர் ஆண்டைத் தட்டினான். வரிசை நீளமாக இருந்தது. நானும் பக்கத்தில் நின்றுகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

அன்றைக்கு இன்னொரு வேடிக்கை. விரல் ரேகை பதியவே இல்லை. துடைத்து வைத்தார்கள், அழுத்தி வைத்தார்கள், எந்திரம் ஏற்கவில்லை. காரணம் புளி. எங்கள் ஊர்களில் மாசி, பங்குனி வந்தால் வீடுவீடாகப் புளி மூட்டை இறங்கும். ஓட்டை நீக்கிய பழத்தைக் கல்லின்மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டி, கொட்டையைப் பிதுக்கி எடுத்து, நாரை உருவிப் போட வேண்டும். கிலோ கணக்கில் கூலி. ஐம்பது வருஷத்துக்குமேல் அதைச் செய்த விரல்கள். வலது கைப் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நுனியில் ஆற்றுக் கூழாங்கல்போல வழவழவென்று இருக்கும். "ரேகையைப் புளி தின்றுவிட்டது, வேறு என்ன வேண்டும் கேள்" என்றார் ஆயா. கண்ணைப் படம் பிடித்து ஒருவழியாக முடித்தார்கள்.

இவ்வளவு நாள் வாழ்ந்ததற்கு என்ன ரகசியம் என்று சிலர் கேட்பதுண்டு. கேழ்வரகுக் களிதான் என்று என் சித்தப்பா அடித்துச் சொல்வார். நான் நம்புவதில்லை. அதே களியைத் தின்ற ஆயாவின் தங்கைகள் இருவரும் நாற்பதைத் தாண்டவில்லை. களியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு: சுடச்சுட உருண்டையை ஈரக் கையால் தட்டி வழவழப்பாக்கி, நடுவில் குழி செய்து, கீரைக் கடையலை ஊற்றி வைப்பார். நான் மென்று தின்றால் சிரிப்பார். "களியை மெல்லக் கூடாது சாமி, விழுங்கு. மென்றால் அதற்குக் கோபம் வரும்."

1950களில் கிருஷ்ணகிரி அணையைக் கட்டியபோது ஆயா அங்கே மண் சுமந்தவர். அப்பா கைக்குழந்தை, வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுக் கூடை கூடையாகச் சுமந்தாராம். அந்தக் கூலி எவ்வளவு என்று பலமுறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒரு கணக்குச் சொல்வார். ஆனால் மதியம் மேஸ்திரி யார்மேல் எரிந்து விழுந்தார் என்பது மட்டும் மாறவே மாறாது.

2017 நவம்பர் கடைசியில் அந்த அணையின் முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. கரையோர ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை. ஆயாவுக்கு எண்பத்தேழு. அழைத்துப் போய்க் காட்டு என்று ஒரே பிடிவாதம். கூட்டம் குறைந்த பிறகு பைக்கில் பின்னால் உட்காரவைத்து, என்னோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை போனேன். செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"எது உடைந்தது?"

"ஷட்டர் ஆயா. இரும்புக் கதவு."

"இரும்புதானே? கரை நிற்கிறதல்லவா?"

"நிற்கிறது."

"அது நாங்கள் போட்டது" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது கடையில் நிறுத்தச் சொல்லி டீ கேட்டார். வழக்கமாக வெளியில் எதுவும் சாப்பிட மாட்டார்.

2023 தை மாதம் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். தொண்ணூற்று மூன்று நடப்பு. தாரை தப்பட்டையோடு, கல்யாணச் சாவாகத்தான் எடுத்தோம். இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது வயது 85 என்று போட்டிருந்தார்கள். சொல்லிப் பார்த்தேன், அட்டையில் இருப்பதைத்தான் எழுத முடியும் என்றார்கள். முகாமில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாவட்டம் என்ற இடத்தில் கிருஷ்ணகிரி என்று இருந்தது. ஆயா பார்த்திருந்தால் அதையும் தப்பு என்றுதான் சொல்லியிருப்பார்.