லவ் பேர்ட்ஸ் கேள்வி பதில்: செம்பனைப் பழம் தரலாமா?

மலேசியாவின் சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா, அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் பறவை வளர்ப்பவர்கள் கேட்டவை இவை. புறா, சேவல் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கோல சிலாங்கூர் தம்பி: அண்ணே, புது ஜோடி வாங்கினேன். பச்சை உடம்பு, சிவந்த முகம். ஆண் எது, பெண் எது?

முதலில் இனத்தைப் பாருங்கள். மூக்கு வெளிர் நிறம், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லை, வாலுக்கு மேலே பளிச்சென்ற நீலம் என்றால் பீச் ஃபேஸ். நமீபியா, அங்கோலாவின் வறண்ட காட்டுப் பறவை, ஒரு சாண் நீளம்கூட வராது. மூக்கு சிவப்பு, கண்ணைச் சுற்றித் தடித்த வெள்ளை வளையம் என்றால் ஃபிஷர். அது தான்சானியா.

இரண்டிலும் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். உறுதியாகத் தெரிய டி.என்.ஏ. சோதனை வேண்டும். ஆனாலும் கூண்டுக்குள் பழைய பேப்பர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பீச் ஃபேஸ் பெண் ஓரத்தைப் பொடிப்பொடியாகக் கடித்துக்கொண்டே போய், நாடா மாதிரி நீளமாகக் கிழிக்கும். அதை முதுகிறகுக்குள் செருகிக்கொண்டு கூட்டுக்குக் கிளம்பும். பாதி வழியிலேயே இரண்டு மூன்று விழுந்துவிடும், மறுபடி வந்து கிழிக்கும். ஃபிஷர் அலகில் கவ்விக்கொண்டு போகும். இந்த இரண்டையும் கலந்து குஞ்சு எடுத்தவர் அமெரிக்காவின் வில்லியம் டில்கர். 1962இல் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கலப்புக் குஞ்சுகள் வளர்ந்ததும் செருகப் பார்க்கும், ஆனால் சரியாகச் செருக வராது. ஆகவே இரண்டு இனத்தையும் ஒரே கூண்டில் போடாதீர்கள்.

ராவாங் தம்பி: என் லவ் பேர்ட்ஸுக்குத் தலையில் கோடு கோடாக, மூக்குக்கு மேல் நீலமாக இருக்கிறதே?

அது லவ் பேர்ட்ஸே இல்லை, ஆஸ்திரேலியாவின் பட்ஜி கிளி, தம்பி. அடுத்தவர்.

ஈஜோக் அக்கா: சூரியகாந்தி விதையைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்கிறது.

அத்தனையும் கொழுப்பு, அக்கா. தினை, கம்பு கலந்த தீவனத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது காங்கோங் கீரை, சாவிக்கீரை, முருங்கைக்கீரை, துருவிய கேரட் வையுங்கள். வெறும் விதையில் வைட்டமின் ஏ போதாது. அவகாடோ, சாக்லேட் இரண்டும் விஷம். அப்புறம், கூண்டு இருக்கும் வீட்டில் நான்ஸ்டிக் சட்டியை அடுப்பில் காயவிடாதீர்கள். அந்தப் புகையில் பறவை செத்துப்போகும்.

தோட்டத்துத் தம்பி: செம்பனையும் (எண்ணெய்ப் பனை) ஆப்பிரிக்கா, கிளியும் ஆப்பிரிக்கா. பழம் தந்தால் என்ன?

ஆப்பிரிக்கா என்ன ஒரே தோட்டமா? செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவின் ஈரக்காட்டு மரம். அங்கே சாம்பல் கிளி அதன் பழத்தைத் தின்னும். பீச் ஃபேஸின் நாட்டில் புல் விதையும் வேல மர விதையும்தான். செம்பனை நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்துக்கு வந்ததே 1917இல்தான்.

அதே தம்பி: எங்க லயத்துக்குப் பின்னால பச்சைக்கிளிக் கூட்டம் குலையிலேயே உக்காந்து தின்னுதே, அண்ணே!

தின்னட்டும். அது நீளவால் பச்சைக்கிளி, பகலெல்லாம் பறந்து திரியும். உங்களுடையது இரண்டடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறது. பழத்தில் விஷம் இல்லை, எண்ணெய்தான் அதிகம். ஆனால் கீழே கிடக்கும் உதிரிப் பழத்தைப் பொறுக்குவீர்கள். அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள், எலி மருந்தும் வைக்கிறார்கள். தோட்டத்தை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்தால் திருட்டு என்பார், அது தனிக் கதை.

ஈஜோக்கில் இன்னொருவர்: சூரியகாந்தி மட்டும் தரலாமா?

மேலே படியுங்கள்.

ராவாங் தங்கச்சி: ஜோடியில் ஒன்று செத்தால் மற்றதும் செத்துவிடுமாமே?

சாகாது, ஆனால் வாடும். தினமும் கொஞ்ச நேரம் நீங்கள் அதோடு இருங்கள். புதுத் துணை வாங்கினால் உடனே ஒரே கூண்டில் அடைக்காதீர்கள், ஒன்று மற்றதன் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூண்டாக வைத்துப் பழக்குங்கள். கூண்டுகள் அடுப்படியில் வேண்டாம். நான்ஸ்டிக்!

அதே தோட்டத்துத் தம்பி: பழம் வேண்டாம், சரி. செம்பனை எண்ணெய் ஒரு சொட்டு?

பசாறில், அதான் சந்தையில், கேரட் கிடைக்கும், தம்பி.